மறு: ‘500 விதி’ வேண்டாம், ‘புள்ளிக்கெடு’ என்போம்

அன்பர்களுக்கு வணக்கம்.

இரவு வானப் படக்கலைச் சொற்பட்டியலில், விண்மீன் புள்ளியாகவே பதியும் அதிகபட்ச நேரத்துக்கு ‘500 விதி’ என்றே பெயர் போட்டுவிடலாம் என்று அடுத்தடுத்து மூன்று மடல்கள் வந்துவிட்டன. எனக்கு உடன்பாடில்லை, ‘புள்ளிக்கெடு’ என்பதே என் முன்மொழிவு. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

குழுவுக்குப் புதியவர்களுக்காக ஒரு வரி. பூமி சுழல்வதால் விண்மீன்கள் நகர்கின்றன. ஷட்டரை அதிக நேரம் திறந்து வைத்தால் புள்ளி கோடாகிவிடும். 500-ஐ லென்சின் குவியத் தொலைவால் வகுத்து, வரும் நொடிகளுக்குள் மூடிவிடு என்பதுதான் அந்த விதி. 20 மி.மீ. லென்ஸ் என்றால் 25 நொடி. சிறிய சென்சார் என்றால் குவியத் தொலைவை முதலில் 1.5-ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும்.

நான் பழகியது காங்கயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவே, அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) கொரங்காட்டில், அதாவது மேய்ச்சல் காட்டில். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே நாலைந்து வெள்வேல மரம், மற்றதெல்லாம் கொழுக்கட்டைப் புல். மாடுகளைப் பட்டியில் அடைத்த பிறகு அங்கே ஒரு விளக்கும் இல்லை. வடமேற்கில் திருப்பூர் வெளிச்சம் அடிவானத்தை வெளுக்க வைக்கும். அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாமல் இருந்தால் போதும். மாசி, பங்குனியில் வானம் சுத்தமாக இருக்கும். ஆடி வந்துவிட்டால் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஸ்டாண்டை நிற்கவிடாது, மேகமும் விடாது.

16 மி.மீ. லென்ஸ், சிறிய சென்சார், விதிப்படி 20 நொடி. கேமராவின் திரையில் பார்த்தபோது எல்லாம் அழகான புள்ளிகள். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கினால் திருவாதிரையும் மிருகசீரிடமும் நெல்மணி மாதிரி நீண்டிருந்தன. கை பட்டு ஆடிவிட்டது என்று நினைத்தேன். ஸ்டாண்டில் கல் மூட்டை கட்டித் தொங்கவிட்டேன், ரிமோட் வாங்கினேன். மூன்று அமாவாசை போயிற்று, நெல்மணி போகவில்லை.

பிறகுதான் கணக்குப் போட்டேன். பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குப் பாகை, கலை, விகலை தெரியும்: பாகையில் அறுபதில் ஒன்று கலை, கலையில் அறுபதில் ஒன்று விகலை. வானத்தின் நடுவரைக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) அருகில் உள்ள விண்மீன் நொடிக்கு 15 விகலை நகர்கிறது. 20 நொடியில் 300 விகலை. என் 24 மெகாபிக்சல் கேமராவில், அந்த லென்சில், ஒரு பிக்சல் ஏறக்குறைய 50 விகலை. ஆக, விதியை அப்படியே கடைப்பிடித்தும் ஒவ்வொரு புள்ளியும் 6 பிக்சல் நீளக் கோடு. சின்னதாக அச்சிட்டால் கண்ணுக்குத் தெரியாது. பெரிதாக்கினால் மறைக்க முடியாது.

டொரண்டோவிலிருந்து எழுதிய ஐயா, “எனக்கு 500 பிசகாமல் வருகிறதே” என்று கேட்டிருந்தார். அவர் சொல்வதும் உண்மைதான். அவர் அனுப்பிய படங்கள் எல்லாம் வடக்கு பார்த்தவை, எழுமீன் (சப்தரிஷி மண்டலம்) தெரிபவை. துருவத்தை நெருங்க நெருங்க விண்மீன் சுற்றும் வட்டம் சிறுத்துக்கொண்டே வரும். நடுவரையிலிருந்து 60 பாகை வடக்கே போனால் வேகம் சரிபாதி. பூமத்திய ரேகைக்கு வடக்கே எந்த ஊரிலும் துருவ விண்மீன் ஏறக்குறைய அந்த ஊரின் அட்சரேகை அளவு உயரத்தில்தான் நிற்கும். அவருக்கு 44 பாகை, நமக்கு 11. கையை நீட்டி முட்டியை மடக்கினால் ஒரு முட்டி 10 பாகை. எங்கள் காட்டிலிருந்து பார்த்தால் சென்னிமலைப் பக்கம் அடிவானத்துக்கு ஒரு முட்டிக்குச் சற்று மேலே துருவம். வானத்தின் நடுவரை எங்கள் உச்சிக்கு 11 பாகை தள்ளிப் போகிறது. வேகமாக ஓடும் விண்மீன்கள் எல்லாம் கொங்குநாட்டுக்காரன் தலைக்கு மேலேதான் ஓடுகின்றன.

ஆகவே 500 என்பது ஒரு கணக்கிடும் வழி, அவ்வளவுதான். 300-ஐ வகுப்பவர்களும் உண்டு. பிரான்சில் லெ ஹாவ்ர் வானியல் கழகத்தில் உருவான சூத்திரம் ஒன்று லென்சின் துளையளவையும் பிக்சல் அளவையும் சேர்த்துக் கணக்கிடுகிறது, துளையை எஃப் 2.8-இல் வைத்தால் என் லென்சுக்கு அது 13 நொடி என்கிறது. வழிகள் மூன்று, தேடும் பொருள் ஒன்று: புள்ளி புள்ளியாகவே இருக்கக்கூடிய அதிகபட்ச நேரம். பெயர் வேண்டியது அந்தப் பொருளுக்கு. ‘500 விதி’ என்று எழுதிவிட்டு, “வடக்கே 500 விதி 30 நொடி, உச்சியில் 500 விதி 10 நொடி” என்று யாராவது சொல்ல முடியுமா?

‘புள்ளிக்கெடு’ என்ற பெயர் எனக்கு அகராதியில் கிடைக்கவில்லை. ஒரு நாள் அப்புச்சி கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி கேட்டார்: “ஏஞ் சாமி, அதை எத்தன நேரந் தொறந்து வெப்ப?”

“இருவது நொடிங்க அப்புச்சி.”

“அதுக்கு மேல வெச்சா?”

“புள்ளி கோடாயிருங்க.”

“அப்ப இருவதுதான் அதுக்குக் கெடுன்னு சொல்லு.”

கடனுக்குக் கெடு உண்டு, ஏலத்துக்குக் கெடு உண்டு, புள்ளிக்கும் கெடு. கெடு வைக்கலாம், கெடு தாண்டலாம், கெடு நீட்டலாம். வினைகள் எல்லாம் தயாராக இருக்கின்றன. “வடக்கே கெடு நீளம், கிழக்கே கெடு குறைவு” என்று நேற்றுப் பழகத் தொடங்கிய பையனிடம் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறான்.

‘உறைநேரம்’ என்று முன்மொழிந்த அக்காவுக்கு: உறைதல் என்றதும் பறவையின் சிறகை ஆயிரத்தில் ஒரு நொடியில் நிறுத்தும் படம்தான் நினைவுக்கு வருகிறது. இங்கே அசைவு நிற்பதில்லை, தெரியாமல் இருக்கிறது. ‘தடமின்மை வரம்பு’ பொருளில் சரி. ஆனால் இருட்டில் காற்றுக்கு மேல் கத்திச் சொல்ல நாக்குக்கு நீளம்.

இன்னொருவர் எழுப்பிய தடை கனமானது: புள்ளியைக் கெடுத்துவிடு என்ற ஏவலாக இது ஒலிக்காதா? ‘கதை சொன்னான்’ என்பதில் வலி மிகாதது போல, அந்தப் பொருளில் ‘புள்ளி கெடு’ என்றுதான் வரும். புள்ளிக்கு உரிய கெடு என்பதால் இங்கே ‘க்’ மிகுகிறது. எழுதும்போது அந்த ஒற்றெழுத்தை விட்டுவிடாதீர்கள். இந்தச் சொல்லின் உயிர் அதில் இருக்கிறது.

கெடு தாண்டிக் கோடானதற்கும் ஒரு பெயர் வேண்டும். வேண்டுமென்றே மணிக்கணக்கில் எடுக்கும் வளையங்களுக்கு ‘மீன்தடம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் பக்கம் தடம் என்றால் போகிற வழி. வண்டித்தடம் போல மீன்தடம். தவறி நீண்ட நெல்மணிக்கு அதே பெயரைக் கொடுக்க வேண்டாம், ‘இழுபடல்’ போதும். இதற்கு முன்பே வந்த ‘இழுப்பு’ மூச்சிரைப்பு நோயின் பெயர், ஆகவே கைவிட்டேன்.

டொரண்டோ ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த அமாவாசையில் அதே லென்ஸ், அதே 20 நொடி வைத்து, வடக்கே ஒன்றும் திருவாதிரை பக்கம் ஒன்றும் எடுத்து, பெரிதாக்கி அனுப்புங்கள். நான் இங்கே அப்புச்சி காட்டிலிருந்து அதே இரண்டையும் எடுத்து அனுப்புகிறேன். நான்கு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகு பட்டியலில் பதிவிடலாம்.