போத்தலில் இருந்த தோல் நிறம்

குழு: தோட்டத்து வீட்டார்

தம்பி: மாமா, பள்ளிக் கண்காட்சிக்காகச் செய்துவரும் சிலிம் ரிவர் போரின் பொம்மைக் காட்சியைப் படமெடுத்து மேலே அனுப்பியிருக்கிறேன். 1942 ஜனவரி 7ஆம் நாள், அன்றைய மலாயாவில், நம் ஊர்ச் சாலையில் ஜப்பானிய டாங்கிகள் நுழைந்த விடியல் அது. அவற்றை எதிர்த்து நின்ற பஞ்சாப் படைப்பிரிவு வீரர் பொம்மைகள் ஐந்துக்கும் ‘ஃபிளெஷ்’ என்று ஒட்டியிருந்த போத்தலைத் திறந்து முகம் தீட்டினேன்; ஐவரும் வெயிலில் சிவந்த வெள்ளைக்காரர்களாகிவிட்டார்கள். பழுப்பின் மேல் வெள்ளை கலந்து மெருகேற்றிப் பார்த்தேன், அதுவும் சரிவரவில்லை. உடையில் பச்சைத் திட்டுகள் தீட்டலாமா?

பெரியப்பா: ‘ஃபிளெஷ்’ என்பதைத் ‘தோல் நிறம்’ என்று எழுதச் சொல்லலாம் என வந்தேன். யாருடைய தோல் என்று கேள்வி எழுவதால் அப்படியே இருக்கட்டும்.

அத்தை: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கண்ணா. மணப்பெண் அலங்காரத்தில் நாங்கள் அன்றாடம் பார்க்கும் தவறுதான் இது. மாநிறப் பெண்ணுக்கு ஒரு படி வெளுப்பான பூச்சைப் போட்டால் முகம் ஒளிராது, சாம்பல் பூத்துவிடும். நம் தோலுக்குள் மஞ்சளும் சிவப்பும் இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் அவைதான் மேலே வரும். வெள்ளையை மூடி வைத்துவிடு.

மாமா: அக்கா சொன்னது பொம்மைக்கும் பொருந்தும். செம்பழுப்பும் மஞ்சள் காவியும் கலந்து அடிச்சாயம் கொடு. அது நன்றாகக் காய்ந்த பிறகு, அதே கலவையில் காவியைக் கூட்டி ஆரஞ்சு ஒரு துளி சேர்த்து, மூக்குத்தண்டு, கன்ன எலும்பு, கீழுதடு, முகவாய் ஆகிய மேடான இடங்களில் மட்டும் தொட்டு வை. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். அடிச்சாயத்தில் கருநீலம் சிறிது கலந்து நீர்க்கச் செய்து, தலைப்பாகை விளிம்புக்குக் கீழும் மூக்கின் இருபுறமும் ஓடவிடு. உண்மை அளவில் 35இல் ஒரு பங்கான இந்தப் பொம்மைகளில் முகத்தின் உயரம் ஏழு மில்லிமீட்டர்கூட வராது என்பதால், கண்ணுக்குத் தூய வெள்ளை வைத்தால் எல்லாரும் பேயைக் கண்டவர்போல் விழிப்பார்கள். சாம்பல் கலந்த வெண்மை போதும்.

உடையில் பச்சை வேண்டாம். அப்போது மலாயாவில் போரிட்ட இந்தியப் படையினர் அணிந்தது காக்கிப் பருத்தி உடை. காட்டுப் பச்சை உடை பிறகுதான் வந்தது. உருமறைப்பு தீட்டியே ஆக வேண்டுமென்றால் டாங்கி இருக்கிறதே.

தம்பி: டாங்கிக்கு எந்த நிறத்திலிருந்து தொடங்க வேண்டும், மாமா?

மாமா: காக்கி, பச்சை, பழுப்பு என்ற வரிசையில், வெளிரியதிலிருந்து அடர்ந்ததற்குப் போ. அக்காலத்து ஜப்பானிய டாங்கிகள் பலவற்றில் இவற்றின் மீது மஞ்சள் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடி, வண்டியின் உருவத்தைக் கண்ணுக்குத் துண்டாக்கிக் காட்டின; அதனால் மஞ்சளைக் கடைசியில் தீட்டு. திட்டுகளின் விளிம்பு கூர்மையாக இருக்கட்டும், புகைபோல் மங்க வேண்டாம். உண்மை வண்டியில் பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள பட்டை உன் டாங்கியில் மூன்று மில்லிமீட்டர்கூட வராது. நீ அனுப்பிய படத்தில் பென்சிலால் போட்டிருக்கும் கோடு விரல் அளவு இருக்கிறது. ஒவ்வொரு நிறத்திலும் காக்கியைச் சிறிது கலந்துகொள். இல்லையேல் சிறிய பொருளில் நிறங்கள் தனித்தனியே கத்தும்.

தம்பி: முகங்களை மீண்டும் தீட்டிவிட்டேன். சாம்பல் போய்விட்டது. ஆனால் ஐவரும் ஒரே அச்சில் வார்த்தவர்போல் இருக்கிறார்கள்.

அத்தை: ஒரே தாய் வயிற்றில் பிறந்த நானும் உன் பெரியப்பாவும் ஒரே நிறமா? ஒருவனுக்குக் காவியைக் கூட்டு, ஒருவனுக்குச் சிவப்பைக் கூட்டு, ஒருவனைக் கருக்கவிடு. முழங்கைக்குக் கீழே எல்லாருக்குமே ஒரு படி கருக்க வேண்டும், வெயிலில் நின்றவர்கள் அல்லவா.

மாமா: கடைசியாக, பளபளப்பை அடக்கும் மங்கல் வார்னிஷ். மாலை மழையில் மட்டும் தெளித்துவிடாதே. தீபாவளிக்கு முன் நான் முன்வாசலில் நின்று, செம்பனைத் தோட்டத்துப் பக்கம் மழை இரைந்துகொண்டிருந்தபோது தெளித்தேன். மறுநாள் காலை என் டாங்கி ரப்பர் பாலில் முக்கியெடுத்ததுபோல் வெளுத்திருந்தது. வார்னிஷ் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது.

தம்பி: அப்படியென்றால் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வெயில் ஏறிய பிறகு டாங்கியோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன்.

அத்தை: வீரர்களையும் கொண்டு வா. மூன்றாமவனின் உதட்டில் சிவப்பு கொஞ்சம் கூடிவிட்டது.