ரூம்மேட்டுக்கு லேப் ரெக்கார்டு நோட்டு நான் எழுத வேண்டுமா?

பொறியியல் முதலாண்டு, விடுதி. ரூம்மேட் பாதி நாள் வகுப்புக்கே வருவதில்லை, "ப்ராக்ஸி போடுடா, பிசிக்ஸ் ரெக்கார்டையும் எழுதிடு" என்கிறான்; ப்ராக்ஸி என்றால் அவன் பெயருக்கு நான் வருகை சொல்வது. மறுத்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டான். எப்படிச் சொல்வது?

பதில் 1: வாட்ஸ்அப்பில் சொல்லாதே தம்பி, சண்டையில்தான் முடியும். மெஸ்ஸில் நேராகவே, "வெர்னியர் ரீடிங் புரியலைன்னா சொல்லித் தரேன், எழுதித் தரமாட்டேன்" என்று சொல்லிவிடு.

பதில் 2: அண்ணா பல்கலைக்கழக விதிப்படி 75 சதவீத வருகை வேண்டும், மருத்துவச் சான்று போன்ற காரணம் இருந்தால்தான் கொஞ்சம் தளர்வு. இது அவனுக்குத் தெரியுமா? ப்ராக்ஸி பிடிபட்டால் நீயும் மாட்டுவாய்.

கேட்டவர்: தமிழ் வழியில் படித்தவன் அண்ணா, வகுப்பில் ஆங்கிலம் புரியவில்லை என்கிறான்.

பதில் 1: அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! அப்போ சேர்ந்து படியுங்கள். ரெக்கார்டு மட்டும் அவன் கையெழுத்தில்தான்.