உதவி தேவை: மதிப்பீட்டுக்கு அனுப்பிய என் வரைபடத்தை வேறொரு மனையில் கட்டுகிறார்கள்

கேள்வி:
வணக்கம். நான் தனியாகத் தொழில் செய்யும் கட்டடக் கலைஞர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் வடிவமைத்த வீட்டின் வரைபடங்களைச் செலவு மதிப்பீட்டுக்காக ஓர் ஒப்பந்ததாரருக்கு மின்னஞ்சலில் அனுப்பினேன். வேலை அவருக்குக் கிடைக்கவில்லை. இப்போது அவர் வேறொருவருக்குக் கட்டும் வீட்டைப் பார்த்தபோது, முற்றத்தைச் சுற்றி ஏறும் படிக்கட்டு முதல் அறைகளின் அடுக்கு வரை என் வரைபடமே எழுந்து நிற்பதுபோல் இருந்தது. உரிமை கோர முடியுமா? கட்டுமானத்தை நிறுத்த வழி உண்டா?

பதில் 1:
எத்தனை ஒற்றுமைகள் என்பதைவிட, எவை ஒத்திருக்கின்றன என்பதையே முதலில் பாருங்கள். கட்டடக் கலைப் படைப்புகள் 1908ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே பெர்ன் உடன்படிக்கை என்ற பன்னாட்டுப் பதிப்புரிமை ஒப்பந்தத்துக்குள் வந்துவிட்டன. ஆயினும் காக்கப்படுவது வெளிப்பாடே தவிர, கருத்து அன்று. முற்றம் வைத்த வீடு என்ற எண்ணம் எவருக்கும் சொந்தமில்லை. கட்டடங்களுக்கு 1990இல் தனிப் பாதுகாப்பு தந்த அமெரிக்கச் சட்டமும் வழக்கமான கதவு, சன்னல் போன்ற உறுப்புகளை விலக்கியே வைக்கிறது. அதேவேளை, பொதுவான உறுப்புகளைச் சேர்த்த விதம் புதியதாக இருக்கலாம். 1999இல் மாணவராக இருந்த தாமஸ் ஷைன் வரைந்த முறுக்கிய கோபுரத்தை, அதை மதிப்பிட்ட குழுவில் இருந்த கட்டடக் கலைஞர் டேவிட் சைல்ட்ஸ் பின்னாளில் நியூயார்க்கின் ஃப்ரீடம் டவர் வடிவத்தில் பயன்படுத்தினார் என்று தொடுத்த வழக்கை, அத்தகைய கோபுரங்கள் முன்பே உண்டு என்ற வாதத்தை மீறி, 2005இல் நீதிமன்றம் விசாரணைக்கு உரியதென ஏற்றது. அதன்பின் அது சமரசத்தில் முடிந்தது. உங்கள் வரைபடத்தில், தேவை கருதியல்லாமல் நீங்களாகத் தேர்ந்த அம்சம் எது?

கேட்டவர்:
ஒன்று இருக்கிறது. என் மனையில் நின்ற பழைய மரத்தை வெட்ட மனமில்லாமல், கூடத்தின் கிழக்குச் சுவரை நடுவில் உள்நோக்கி மடித்திருந்தேன். அவர்கள் கட்டும் வீட்டிலும் சுவர் அதே இடத்தில் மடிகிறது. அந்த மனையில் மரமே இல்லை.

பதில் 2:
ஐயா, உங்கள் கையில் இருப்பவற்றில் வலுவானது அந்த மடிப்புத்தான். படிக்கட்டு ஒத்திருப்பதைத் தற்செயல் என்று வாதிடலாம்; காரணமே இல்லாத மனையில் சுவர் ஏன் மடிகிறது என்பதற்கு அவர்தான் விடை சொல்லியாக வேண்டும். வரைபடம் அவர் கைக்குப் போனதற்கு மின்னஞ்சல் சான்று. மரத்தைக் குறித்த நில அளவை வரைபடமும் மூலக் கணினிக் கோப்பும் முந்தியவர் நீங்கள் என்பதற்குச் சான்று. மூலக் கோப்பைத் திறந்து மீண்டும் சேமிக்காதீர்கள், திருத்திய தேதி மாறிவிடும். நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். பூச்சு வேலை முடியுமுன் பொது வழியில் நின்று படம் எடுத்து வையுங்கள். உரிமையை உங்கள் வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுத்துவிட்டீர்களா என்று ஒப்பந்தத்தையும் பாருங்கள். கொடுத்திருந்தால் வழக்குத் தொடுக்க வேண்டியவர் அவர்.

நிறுத்துவது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி, கட்டத் தொடங்கிவிட்டால் தடையாணையோ இடிக்கும் உத்தரவோ கிடைக்காது, இழப்பீடு கோரலாம். வேறு எங்கும், அடித்தளம் போடுமுன் எழுப்பும் ஆட்சேபத்துக்கு இருக்கும் பலன் கூரை ஏறியபின் இருப்பதில்லை. அந்த வீட்டுக்காரர் விவரம் அறியாமல் பணம் கொடுத்தவராகவும் இருக்கலாம் என்பதால், வழக்கறிஞர் வழியாக முதல் கடிதம் ஒப்பந்ததாரருக்கே போகட்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. உரிமையை யாருக்கும் எழுதித் தரவில்லை. மரத்தின் இடமும் அடிமரச் சுற்றளவும் குறித்த அளவை வரைபடம் தேதியோடு கிடைத்துவிட்டது. நாளை வழக்கறிஞரைச் சந்திக்கிறேன்.