ஸ்லைடில் ஒரு சார்ட், அதற்குள் முழு எக்செல் பைல்: உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

நூல்கண்டு:
நூல் சப்ளையர் ஒருவர் விலை ஏற்றத்துக்குக் காரணம் காட்டி பிபிடி அனுப்பியிருந்தார். அதில் ஒரு லைன் சார்ட். முதலாளி அதை நம் ரிப்போர்ட்டில் கலர் மாற்றிப் போடச் சொன்னார், ரைட் கிளிக் செய்து எடிட் டேட்டா இன் எக்செல் கொடுத்தேன். திறந்தால் கீழே வரிசையாக ஷீட்டுகள், ஒவ்வொன்றுக்கும் திருப்பூரில் எங்களோடு போட்டி போடும் ஒரு கம்பெனியின் பெயர். எங்கள் பெயரிலும் ஒன்று. பக்கத்து ஷீட்டில் அதே கவுன்ட் (நூலின் தடிமன் அளவு) நூலுக்கு எங்களைவிடக் குறைந்த விலை. உடனே மூடிவிட்டு அவருக்குப் போன் போட்டு, "அண்ணே, உள்ளே எல்லாம் தெரியுது, வேற பைல் அனுப்புங்க" என்றேன். "அது வெறும் படம்தானேப்பா" என்றார். முதலாளியிடம் இதுவரை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்ற உறுத்தல் மட்டும் போகவே இல்லை.

வைகைக்கரை:
இதற்குத்தான் சார்ட்டைப் படமாக பேஸ்ட் செய்யுங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன். வேலை முடிந்தது.

கணக்குப்பிள்ளை:
வைகைக்கரை, முடியவில்லை. எங்கள் ஆபீசில் ஒருவர் அப்படித்தான் எல்லாவற்றையும் படமாக ஒட்டியிருந்தார். மீட்டிங் நடுவில் மேலதிகாரி, "இந்த அச்சு 90-ல ஆரம்பிக்குது, அதான் இவ்வளவு ஏறின மாதிரி தெரியுது, பூஜ்யத்துல இருந்து காட்டுங்க" என்றார். படத்தில் எதை மாற்றுவது? எடிட் செய்யக்கூடிய சார்ட் என்றால் அச்சை கிளிக் செய்து மினிமம் 0 என்று அங்கேயே போட்டிருக்கலாம். அந்த ஸ்லைடோடு முழு ரிப்போர்ட்டும் சந்தேகத்துக்கு ஆளானது.

மெயின்ரோடு:
நூல்கண்டு, நீங்கள் செய்தது சரி. ஆனால் அந்த அண்ணனுக்கு வழியையும் சொல்லிவிடுங்கள். பேஸ்ட் செய்யும்போது எம்பெட் கொடுத்தால் அந்த எக்செல் பைல் முழுதும், மறைத்து வைத்த ஷீட் உட்பட, ஸ்லைடுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நம்பாவிட்டால் பிபிடிஎக்ஸ் பைலின் ஒரு காப்பியை ஜிப் என்று பெயர் மாற்றித் திறக்கச் சொல்லுங்கள், எம்பெடிங்ஸ் போல்டரில் அந்த எக்செல் பைலே கிடக்கும். லிங்க் கொடுத்தால் டேட்டா நம் கம்ப்யூட்டரிலேயே இருக்கும், ஆனால் வாங்கியவர் எடிட் செய்யப் போனால் பைல் இல்லை என்று சொல்லும். இந்த இரண்டு தொல்லையும் வேண்டாம் என்றால், தேவையான நாலு வரியை மட்டும் புது எக்செல் பைலில் வேல்யூஸாக, அதாவது ஃபார்முலா இல்லாமல் வெறும் எண்ணாக, பேஸ்ட் செய்து, அதிலிருந்து சார்ட் போட்டு எம்பெட் செய்யலாம். பழைய பைலிலேயே மற்ற ஷீட்டுகளை அழித்தால் அவற்றிலிருந்து எண் எடுக்கும் ஃபார்முலா இருக்கும் இடமெல்லாம் #REF! என்று எரர் வரும். பிவட் டேபிள் (டேட்டாவைத் தொகுத்துக் காட்டும் டேபிள்) இருந்தால் இன்னும் கவனம், ஷீட்டை அழித்தாலும் அதன் டேட்டா பிவட்டுக்குள்ளேயே தங்கியிருக்கலாம். அப்புறம் வாட்டர்ஃபால் சார்ட் (கூடியதையும் குறைந்ததையும் படிப்படியாகக் காட்டுவது) ஆபீஸ் 2016-ல்தான் வந்தது, ஆபீஸ் 2013 வைத்திருப்பவருக்கு அந்த இடத்தில் வெறும் கட்டமும் ஒரு வரி அறிவிப்பும்தான் வரும்.

சாயத்தொட்டி:
எல்லாரும் லைன் சார்ட்டையே பேசுகிறீர்கள், ஃப்ளோ காட்டுவதைச் சொல்கிறேன். சாயப்பட்டறைத் தண்ணீர் எங்கே போகிறது, ஆர்ஓ சுத்திகரிப்பு வழியாக எவ்வளவு திரும்புகிறது, தண்ணீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்கு எவ்வளவு என்று ஒரு கன்சல்டன்ட் சாங்கி படம் (அளவுக்கேற்ற அகலத்தில் அம்புகள் வரையும் படம்) கொண்டுவந்தார். பவர்பாயின்ட்டில் சாங்கிக்கென்று சார்ட் கிடையாது, அம்புக்குறிகளைக் கையால் வரைந்திருந்தார். கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர் பிரின்ட் எடுத்த தாளில் ஸ்கேலை வைத்து அம்புகளின் அகலத்தை அளந்தார். பக்கத்தில் எழுதியிருந்த எண்ணுக்கும் அகலத்துக்கும் சம்பந்தமே இல்லை. எண்ணை மட்டும் புதுசாக மாற்றிவிட்டு அம்பை அப்படியே விட்டிருக்கிறார்கள். 1898-ல் சாங்கி என்ற இன்ஜினியர் நீராவி இன்ஜினுக்கு வரைந்த காலத்திலிருந்து அகலம்தானே அந்தப் படத்தில் அளவு! இழுத்தால் நகருகிறது என்பதற்காக அதை எடிட்டபிள் என்று சொல்லாதீர்கள், எண்ணை மாற்றினால் படம் மாற வேண்டும்.

நூல்கண்டு:
மெயின்ரோடு சார், அந்த ஜிப் விஷயத்தை அண்ணனுக்கு இன்றே அனுப்பிவிட்டேன். பார்த்துவிட்டு அவரே கூப்பிட்டார், இதே பிபிடி இன்னும் யார் யாருக்குப் போயிருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறாராம்.