சேய்ப்பறிப்பா, சேய்ப்பெயர்ப்பா?

குழுவினருக்கு வணக்கம்.

1948-இன் இனப்படுகொலை உடன்படிக்கை, 2-ஆம் பிரிவு ஐந்து செயல்களைச் சொல்கிறது. கடைசியாக வருவது, ஓர் இனக்குழுவின் பிள்ளைகளை வலிந்து வேறொரு குழுவிடம் சேர்ப்பது. நாம் தொகுக்கும் கலைச்சொல் பட்டியலில் இதற்குக் 'குழந்தைகளைக் கட்டாய இடமாற்றம் செய்தல்' என்று இருக்கிறது. எனக்கு ஒப்பவில்லை. இடமாற்றம் என்றால் எங்கள் ஊரில் கிராம நிர்வாக அலுவலருக்கு வருவது. பிடிக்காவிட்டால் மனுப் போடலாம். தாயின் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிச் செல்வதற்கு அந்தச் சொல்லா?

'சேய்ப்பறிப்பு' என்பது என் பரிந்துரை. பறித்தலில் வன்முறை இருக்கிறது. நாற்றுப் பறித்து வேறு வயலில் நடுகிறோமே, அந்த இரண்டாம் பாதியும் இதில் கேட்கிறது.

திருவையாற்றிலிருந்து


அம்மா,

நாற்று உவமைதான் எனக்கு உறுத்துகிறது. நாற்றங்காலிலிருந்து பறிப்பது நாற்றின் நன்மைக்கு, பறிக்காவிட்டால் முற்றிப்போகும். பிள்ளைகளைத் தூக்கிச் சென்ற அரசுகளும் இதையேதான் சொல்லின. ஆஸ்திரேலியாவில் 1910 முதல் 1970 வரை, பூர்வகுடிப் பிள்ளைகளில் பத்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை பிரிக்கப்பட்டதாக 1997-இல் விசாரணை அறிக்கை சொன்னது. அது இனப்படுகொலை என்றே முடிவுகட்டியது. அதே ஆண்டு அந்நாட்டு உயர் நீதிமன்றமோ, வட பிரதேசத்தின் 1918-ஆம் ஆண்டுச் சட்டம் பூர்வகுடிகளின் நலனுக்காகச் செயல்படவே அதிகாரம் தந்தது, இனத்தை அழிக்கும் நோக்கத்துக்கு அதில் இடமில்லை என்று கூறி வழக்கைத் தள்ளியது. சட்டத்தில் எல்லாம் நோக்கத்தில் வந்து நிற்கிறது. நம் சொல்லே 'நாற்று' என்று காதில் ஓதினால், எதிர்த் தரப்பு வக்கீலுக்கு நாமே வாதம் எழுதிக் கொடுத்ததாகும்.

இன்னொன்று: பொன்னி நாற்றை எந்த வயலில் நட்டாலும் பொன்னியாகத்தான் கதிர் விடும். அந்தப் பிள்ளைகளைக் கொண்டுபோனதே, அவர்கள் தாங்களாக விளையக் கூடாது என்பதற்காக.

நீதிமன்ற எழுத்தராக முப்பது ஆண்டு இருந்தவன் என்பதால் 'பறிப்பு' என்றதும் எனக்குச் சங்கிலிப் பறிப்பு நினைவுக்கு வருகிறது. அதில் கொண்டுபோன சங்கிலி எங்கே சேர்ந்தது என்பது குற்றத்தின் பகுதியே இல்லை. இங்கே சேருமிடமும் குற்றத்தின் பகுதி.

மன்னார்குடியிலிருந்து


ஐயா,

நாற்றை விட்டுவிட்டேன். நீங்கள் சொன்ன சேருமிடத்தைப் பிடித்துக்கொண்டு யோசித்ததில் 'சேய்ப்பெயர்ப்பு' வந்தது. வேரோடு பெயர்ப்பதும் உண்டு, மொழிபெயர்ப்பில் போல ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுசெல்வதும் உண்டு. கனடாவின் உறைவிடப் பள்ளிகளுக்குள் ஏறத்தாழ 1,50,000 பழங்குடிப் பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்கே பலருக்குப் புதுப் பெயரும், கூப்பிட ஓர் எண்ணும் கொடுத்தார்கள். பெயர் பறிபோன இடத்துக்குப் 'பெயர்ப்பு' என்ற சொல் அமைந்தது தற்செயல்தான். இருந்தாலும் எழுதும்போது கை சற்று நின்றது.

அந்நாட்டின் உண்மை, நல்லிணக்க ஆணையம் 2015-இல் இதைப் 'பண்பாட்டு இனப்படுகொலை' என்றது. உடன்படிக்கையின் வரைவில் பண்பாட்டழிப்புக்குத் தனிப் பிரிவே இருந்தது; 1948 விவாதத்தில் அதை நீக்கிவிட்டார்கள். கிரேக்க நாடு முன்வைத்த திருத்தத்தால் இந்த ஐந்தாம் செயல் மட்டும் உள்ளே நுழைந்து தங்கியது. ஓர் உயிரும் போகாமலே நிகழக்கூடிய இதைப் 'படுகொலை' என்ற தலைப்பின் கீழ் வைத்திருக்கிறோம்! ஈழத்தவர் எழுதும் 'இனவழிப்பு' இந்த ஒரு செயலுக்காகவாவது மேலானது. அதைத் தனி இழையில் பேசலாம். இங்கே இழுத்தால் சொல் முடிவாகாது.

'வலிந்து' என்ற அடை வேண்டுமா? பெற்றோர் தாமே விடுதியில் சேர்ப்பதும் ஒருவகைப் பெயர்ப்புதானே என்று யாரேனும் கேட்பார்கள்.


அம்மா,

வேண்டும். சட்ட வாசகத்தில் இருப்பதை நாம் விடக் கூடாது. 'வன்சேய்ப்பெயர்ப்பு' என்றால் பிள்ளை வன்மையானது என்று படிக்கிறார்கள். என் பேத்தியிடம் காட்டிப் பார்த்துவிட்டேன். 'வலிந்த சேய்ப்பெயர்ப்பு' என்று இரண்டு சொல்லாகவே இருக்கட்டும். பட்டியலில் அப்படியே ஏற்றிவிடுங்கள். 'பறிப்பு' என்பதைப் பேச்சு வழக்கு என்று அருகில் குறித்து வையுங்கள். பத்திரிகைக்காரர்கள் எப்படியும் அதைத்தான் எடுப்பார்கள்.