வாசிப்புச் சவால், எழுத்துச் சவால்: உங்கள் அனுபவம் என்ன?

வேளச்சேரி வாசகி:

நந்தனம் மைதானத்தில் புத்தகக் கண்காட்சிப் பந்தலைப் பிரித்துவிட்டார்கள். வாங்கிய புத்தகங்கள் பலர் வீட்டில் இன்னும் பையை விட்டே வெளியே வந்திருக்காது. அதற்குள் ‘இந்த வருஷம் இத்தனை புத்தகம்’ என்ற அறிவிப்புகள் தொடங்கிவிட்டன. இலக்கு வைத்துப் படிப்பவர்கள், தினம் ஒரு தலைப்பு என்று மாதம் முழுக்க எழுதுபவர்கள், பாதியில் விட்டவர்கள், எல்லோரும் வாருங்கள். இந்தச் சவால்களில் எது உங்களைப் புதிதாக ஒரு பக்கம் தள்ளியது என்று சொல்லுங்கள்.

முதலில் என் கதை. படித்த புத்தகங்களைக் குறித்துவைக்கும் குட்ரீட்ஸ் தளத்தில் 2011 முதல் வருஷாந்தர வாசிப்புச் சவால் இருக்கிறது. ஒரு எண்ணைக் கொடுத்துவிட்டால் போதும். ஒவ்வொன்றாக முடிக்க முடிக்க ஒரு பட்டை நீளும். மெதுவாகப் படித்தால், இத்தனை புத்தகம் பின்தங்கியிருக்கிறாய் என்று காட்டிக்கொண்டே இருக்கும். எனக்குப் பறக்கும் ரயிலில் வேளச்சேரியிலிருந்து கடற்கரை வரை போய் வருகிற நேரம்தான் படிப்பு நேரம். ஐப்பசி, கார்த்திகை வந்தால் கை தானாக ஒல்லியான புத்தகத்தைத் தேடும். எனக்கு அதில் வெட்கமெல்லாம் இல்லை. குறுநாவல் என்ற வடிவம் இருப்பதே எங்களைப் போன்றவர்களுக்காகத்தான்.

தீராத சண்டை ஒன்று உண்டு. பொன்னியின் செல்வன் ஐந்து பாகம். அது கணக்கில் ஒன்றா, ஐந்தா? எங்கள் அலுவலகக் குழுவில் இதற்காக இரண்டு பேர் சில நாள் பேசாமலே இருந்தார்கள். ஐந்து தனிப் புத்தகமாக வைத்திருப்பவருக்கு ஐந்து, ஒரே கெட்டி அட்டைக்காரருக்கு ஒன்று என்று தீர்ப்புச் சொன்னோம். யாருக்கும் திருப்தி இல்லை. கல்கி இதழில் 1950-லிருந்து 1954 வரை வாராவாரம் காத்திருந்து படித்தவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள் என்று ஒருவர் கேட்டார். அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிடலாமா என்று யோசித்தோம்.

தாம்பரம் தம்பி:

அக்கா, எண்ணிக்கைச் சவாலை நான் விட்டுப் பல காலம் ஆகிறது. இப்போது பட்டியல் சவால்தான். ‘பச்சை அட்டை போட்ட புத்தகம்’, ‘உங்கள் ஊரில் நடக்கும் கதை’, ‘நீங்கள் பிறந்த வருஷத்தில் வந்த நூல்’ என்று கட்டம் கட்டமாக இருக்கும், நிரப்ப வேண்டும். பச்சை அட்டையெல்லாம் விளையாட்டு. பிறந்த வருஷம்தான் ஆளை அலைக்கழித்தது.

தமிழ்ப் புத்தகத்தில் வருஷம் கண்டுபிடிப்பது தனிக் கலை. பதிப்பு விவரம் இருக்கும் பக்கத்தைத் திறந்தால் ‘முதல் பதிப்பு’ என்று போட்டிருக்கும். ஆனால் அது அந்தப் பதிப்பகத்தின் முதல் பதிப்பு. நாட்டுடைமை ஆன எழுத்தாளர் என்றால் இன்னும் கஷ்டம். யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் ஆளாளுக்கு ஒரு முதல் பதிப்பு இருக்கும். இன்னொன்றையும் கவனித்தேன். எடுக்கிற புத்தகமெல்லாம் டிசம்பர் மாதம் பிறந்ததாகவே இருக்கிறது. கண்காட்சிக்காக அவசர அவசரமாக அச்சாகி வருவதால் மொத்தத் தமிழ் இலக்கியத்துக்கும் ஒரே ராசி.

கடைசியில் எழும்பூர் கன்னிமாரா நூலகத்துக்குப் போனேன். 1896-ல் திறந்த நூலகம். 1954-ல் வந்த சட்டப்படி நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி இங்கே வந்து சேர வேண்டும். அப்படி நூல் பெறும் நான்கு நூலகங்களில் இதுவும் ஒன்று. எனக்கு அகப்பட்டது ஒரு கிணற்றுப் பாசனக் கையேடு. நாவல் தேடிப் போனவன் அதை உட்கார்ந்து முழுசாகப் படித்தேன். ஏற்றம், கவலை, கமலை என்று தண்ணீர் இறைப்பதைப் பற்றி எங்கள் தாத்தா பேசிய பேச்செல்லாம் அதில் இருந்தது. ‘பிடித்த எழுத்தாளரைப் படி’ என்று சொல்லியிருந்தால் அந்த அலமாரிப் பக்கமே போயிருக்க மாட்டேன்.

பெரம்பூர் பாட்டுக்காரி:

தம்பி சொன்ன கட்டம் மாதிரிதான் எழுத்துச் சவாலும். ஏப்ரலில் இங்கிலீஷில் வலைப்பூ எழுதுபவர்கள் ஏ-யிலிருந்து இசட் வரை தினம் ஒரு எழுத்துக்கு ஒரு பதிவு எழுதுவார்கள். 2010-ல் தொடங்கிய பழக்கம் அது. 26 எழுத்துதானே, அதனால் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு விடுமுறை. நம் எழுத்தை எண்ணிப் பார்த்தேன். உயிர் 12, மெய் 18. ஏப்ரல் மாதத்துக்கு அளவெடுத்துத் தைத்தது போல 30. ஞாயிறு லீவெல்லாம் கிடையாது!

வட சென்னையைப் பற்றி எழுதுவது என்று முடிவு. உயிரெழுத்து வரைக்கும் ஜாலி. எ-வுக்கு எண்ணூர், ஐ-க்கு 1955-லிருந்து ரயில் பெட்டி செய்கிற எங்கள் ஐ.சி.எஃப்., ஓ-வுக்கு ஓட்டேரி. 13-ஆம் தேதி க-வுக்குக் காசிமேடு. 14-ஆம் தேதி தமிழ்ப் புத்தாண்டு. வீட்டில் வேப்பம்பூப் பச்சடி, வடை, பாயசம், விருந்தாளிகள். அன்றைக்கு விழுந்த எழுத்து என்ன தெரியுமா? ங.

ங-வில் தொடங்குகிற ஊர், ஆள், சாப்பாடு எதுவும் கிடையாது. ட, ண, ழ, ள, ற, ன எல்லாம் பின்னால் வரிசையில் நிற்கின்றன. என் மகள்தான் பள்ளிக்கூடப் புத்தகத்தை எடுத்துவந்து ஆத்திசூடியைக் காட்டினாள். இதே சிக்கல் ஔவையாருக்கும் வந்திருக்கிறது. ங-வுக்கு அவர் ‘ஙப் போல் வளை’ என்று அந்த எழுத்தின் உருவத்தையே பிடித்துக்கொண்டார். மற்றதுக்கு அவர் செய்த வேலைதான் பிரமாதம். ட-வுக்கு ‘இடம்பட வீடு எடேல்’, ல-வுக்கு ‘இலவம் பஞ்சில் துயில்’, ள-வுக்கு ‘இளமையில் கல்’, ற-வுக்கு ‘அறனை மறவேல்’. முன்னால் ஒரு இ-யோ அ-வோ வைத்து, வேண்டிய எழுத்தை இரண்டாம் இடத்தில் உட்கார வைத்துவிட்டார். மனப்பாடம் செய்த வயதில் இது என் கண்ணிலேயே படவில்லை.

அப்புறம் எனக்குக் கவலை இல்லை. ண-வுக்கு வண்ணாரப்பேட்டை, ழ-வுக்குப் பழவேற்காட்டு மீன், ள-வுக்குக் கொளத்தூர், ற-வுக்கு மொட்டை மாடிப் புறாப் பந்தயம். 30-ஆம் தேதி ன-வுக்குக் கானா. எல்லாம் இரண்டாம் எழுத்து. நம் ஊர்ப்பேச்சு இலக்கணத்தை மதிக்காததால் சில எழுத்துக்கு அந்த உபாயமும் தேவைப்படவில்லை. ட-வுக்கு டோல்கேட், ர-வுக்கு 1856-லேயே ரயில் வந்த ராயபுரம், ல-வுக்கு பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். ய-வுக்கு யானைக்கவுனி இருக்கிறதே! ஞ-வுக்கு மட்டும் செங்குன்றம் தாண்டிப் போக வேண்டியதாயிற்று. அந்தப் பக்கம் ஞாயிறு என்றே ஒரு கிராமம், சூரியனுக்குச் சந்நிதி உள்ள கோயில். பெரம்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், அந்த ஊரைக் கேள்விப்பட்டதே இல்லை. எழுத்து இழுத்துக்கொண்டு போனது.

தாம்பரம் தம்பி:

அக்கா, புறாப் பந்தயப் பதிவை மட்டும் எனக்கு அனுப்புங்கள். எங்கள் மாமா இன்றைக்கும் கூண்டு வைத்திருக்கிறார். அத்தை முறைக்கிறார்.

மேற்கு மாம்பலம்:

வணக்கம். பெரம்பூர் அம்மாவின் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். வலைப்பூக் காலத்து ஆள். 2004 வாக்கில் வலைப்பூப் பதிவுகளைத் திரட்டிக் காட்டும் தமிழ்மணம் தளம் வந்த பிறகு எங்களுக்கெல்லாம் அதுதான் காலைக் காபி. அப்போது இந்த மாதிரிச் சவாலுக்குத் தொடர்பதிவு என்று பெயர். ‘சின்ன வயதில் படித்த முதல் புத்தகம்’, ‘மறக்க முடியாத ஆசிரியர்’ என்று ஒருவர் எழுதுவார். முடிவில் ஐந்து பேரை அழைப்பார். அழைத்தால் எழுதியாக வேண்டும், மறுத்தால் மரியாதை இல்லை. அவர்கள் ஆளுக்கு ஐந்து பேரை அழைப்பார்கள். இப்படிப் போனால் சில சுற்றிலேயே அழைக்க ஆள் மிஞ்சாது. ஏற்கெனவே எழுதியவரையே மறுபடி அழைத்து வாங்கிக் கட்டிக்கொள்வதும் நடக்கும்.

இன்றைய சவாலில் தலைப்பைக் கொடுப்பது ஒரு தளம், அல்லது ஒரு செயலி. அன்றைக்கு ஒரு மனிதர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். யாருமே கூப்பிடாத பதிவர்களும் இருந்தார்கள், அந்த வருத்தத்தைத் தனிப் பதிவாகவே போடுவார்கள். அதற்குத்தான் பின்னூட்டம் அதிகம் விழும்!

இதெல்லாம் புதுசும் இல்லை. ஈற்றடி கொடுத்து வெண்பா எழுதச் சொல்வது நம்மிடம் பரம்பரையாக இருக்கிற விளையாட்டு. காளமேகப் புலவர் பெயரில் இப்படி எத்தனை கதைகள்! நானும் நண்பர்களும் தி.நகர் நடேசன் பூங்காவில் நடை முடிந்ததும் உட்கார்ந்து இதைத்தான் செய்கிறோம். ஒருவர் கடைசி அடியைச் சொல்வார். மறுநாள் காலைக்குள் மற்றவர்கள் மேலே மூன்று அடி கட்டிக் கொண்டுவர வேண்டும். நாலடி வெண்பாவில் மொத்தம் 15 சீர். ஈற்றடி மூன்று சீர். ஆக, ஐந்தில் ஒரு பங்கை எதிராளி எழுதிக் கொடுத்துவிடுகிறார். சுலபம் என்று தோன்றும். சீருக்குச் சீர் இணையும் விதியான தளை தட்டாமல் போய் அந்த மூன்று சீரில் இறங்கும்போதுதான் தெரியும். போன வாரம் ஒருவர் ‘மாம்பலத்துக் கொசு’ என்று முடித்துக் கொடுத்தார். முதலில், அது இரண்டு சீர்தான். தவிர, கொசு என்று வெண்பா முடியலாமா என்று எங்களுக்குள் வழக்கு. கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு இந்த நாலு வாய்பாட்டில் ஒன்றில் நிற்க வேண்டும். கொசு மலரில் அடங்கும் என்று அவர் அடம்பிடிக்கிறார். நடுவர் தீர்ப்பு இன்னும் வரவில்லை. பெரிய நூல்கள் படித்த ஐயா ஒருவர் ஊரிலிருந்து வர வேண்டும்.

அண்ணா நகர் மேற்கு:

நான் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், மன்னிக்கவும். நவம்பரில் நாவல் எழுதும் சவாலில் கலந்துகொண்டவன் நான். 1999-ல் அமெரிக்காவில் தொடங்கியது. 30 நாளில் 50,000 சொல், அதாவது நாளுக்கு 1,667. நடத்திய அமைப்பே 2025-ல் மூடுவதாக அறிவித்துவிட்டது, ஆனால் எண்ணை இன்னும் பலர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தமிழில் எழுதுகிறவன் அந்த எண்ணைப் பிடிக்கக் கூடாது என்பது என் கட்சி. ‘போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்று நாம் ஒரு சொல்லில் எழுதுவதற்கு ஆங்கிலத்தில் நாலைந்து சொல் வரும். 1,667 தமிழ்ச் சொல் என்பது அவர்களுடைய அளவைவிட எவ்வளவோ அதிகம். எண்ணிக்கைக்காகச் சிலர் ஒட்டிய சொல்லையெல்லாம் பிரித்துப் பிரித்து எழுதினார்கள். கதை நன்றாக இல்லை, இடைவெளி நிறைய இருந்தது.

மாதமும் நமக்குப் பொருந்தாது. சென்னையில் நவம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாது. தீபாவளியும் சில வருஷம் அதில் வந்து விழும். 2015 நவம்பரில் முழங்கால் தண்ணீரில் நின்றவனிடம் போய் அத்தியாயம் எத்தனை என்று கேட்க முடியுமா? நாங்கள் சில பேர் ஆடிக்கு மாற்றிக்கொண்டோம். கல்யாணம், கிரகப்பிரவேசம் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். கூழ் ஊற்றுகிற இடத்து ஒலிபெருக்கியைத்தான் தாங்க வேண்டும். சொல்லை எண்ணாமல், நாளுக்கு ஒரு காட்சி என்று வைத்திருக்கிறோம்.

மீனம்பாக்கம் வண்டி:

எல்லாரும் எண்ணைத் திட்டுகிறீர்கள். எனக்கு எண் வேண்டும் சார். நான் டாக்சி ஓட்டுகிறேன். ஏர்போர்ட் வாசலில் சவாரிக்குக் காத்திருக்கிற நேரத்தில் போனை எடுத்தால் ரீல்ஸ்தான் ஓடும், ஒரு மணி நேரம் எங்கே போனது என்று தெரியாது. மாதம் இரண்டு புத்தகம் என்று சீட்டில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டினேன். பின்னால் உட்கார்ந்த பயணிகள் சில பேர் அதைப் பார்த்துவிட்டு, என்ன புத்தகம் அண்ணா என்று கேட்பார்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் இல்லையா, அதற்காகவே படிக்கிறேன். ஒரு அம்மா இறங்கும்போது தான் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தையே கொடுத்துவிட்டுப் போனார். நடுவில் அடையாளத்துக்கு வைத்த போர்டிங் பாஸ் அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவர் எப்படி முடிவு தெரிந்துகொண்டார் என்று எனக்குக் கவலை. காதில் கேட்கிற புத்தகம் கணக்கில் சேருமா, அதை யாராவது சொல்லுங்கள்.

வேளச்சேரி வாசகி:

தாராளமாகச் சேரும் அண்ணா. பாகவதர் கதை சொல்லிக் கேட்டு வளர்ந்த ஊரில் இதை யார் தடுப்பார்கள்?

பெரம்பூர் அம்மா, ஒரு சந்தேகம். உங்கள் 30 எழுத்துக் கணக்கில் ஆய்த எழுத்தை விட்டுவிட்டீர்களே?

பெரம்பூர் பாட்டுக்காரி:

ஏப்ரலில் இடமில்லையே! அதையும் சேர்த்தால் 31. மே மாதத்தில் வைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பள்ளிக்கூட விடுமுறை, வெயிலில் யாரும் வெளியே போக மாட்டார்கள். ஃ-க்கு ஔவையார் ‘அஃகம் சுருக்கேல்’ என்று தானியத்தை அளந்து விற்பவருக்குச் சொல்லியிருக்கிறார். ரேஷன் கடை பற்றி எழுதிவிடலாம். இந்த முறை தொடர்பதிவு மாதிரியே செய்வோம். மாம்பலம் சார், உங்களைத்தான் முதலில் அழைக்கிறேன். மறுக்கக் கூடாது.

மேற்கு மாம்பலம்:

ஏற்றுக்கொண்டேன் அம்மா. என் ஐவர்: வேளச்சேரி, தாம்பரம், அண்ணா நகர், மீனம்பாக்கம். ஐந்தாவது ஆளுக்கு எங்கள் பூங்காவில் கொசு எழுதியவரையே போட்டுவிடுகிறேன். ஃ-ஐயும் சேர்த்தால் ங வருகிற 15-ஆம் தேதியை அவரிடம் தள்ளிவிடலாம்.