திருட்டுப் புத்தியா, வேலை செய்யும் இடமா?

போடிக்காரன்: குமுளிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்து ஸ்டோரில், அதாவது ஏலக்காய் உலர்த்தும் கட்டடத்தில், காய் திருடினான் என்று ஒரு பையனை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். "அவன் குணமே அப்படி" என்கிறார் முதலாளி. எனக்கு ஒப்பவில்லை. அஞ்சு கிலோ பச்சைக்காய் உலர்ந்தால் சுமார் ஒரு கிலோ நிற்கும். காயின் முற்றலைப் பொறுத்து அது கூடும், குறையும். ராத்திரி டிரையருக்கு ஒற்றை ஆள். காலையில் எடை போடுவதும் அவன், நோட்டில் எழுதுவதும் அவன். இரண்டு கிலோ குறைந்தால் யாருக்குத் தெரியும்?

மேட்டுத்தோட்டம்: அண்ணே, அவனுக்கு முன்னால் இருந்த பெரியவரும் ஒற்றை ஆள்தானே? ஒரு காயைத் தொட்டதில்லை. பொறுப்புணர்வு குறைந்தவர்களிடம்தான் வேலையிடத் தவறுகள் அதிகம் என்று உளவியல் ஆய்வுகளும் சொல்கின்றன. ஆளைப் பார்த்து எடுக்கணும்.

போடிக்காரன்: பெரியவர் காலத்தில் கூலி வாரம் தவறாமல் வந்தது தம்பி. இவனுக்கு இழுத்தடித்தார்கள், கேட்டால் பதிலும் இல்லை. வேலையிட நடத்தையை ஆராய்ந்த ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்காவில் ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் சம்பளத்தைத் தற்காலிகமாக 15 சதவீதம் வெட்டினார்கள். ஒன்றில் காரணத்தைப் பொறுமையாக விளக்கி வருத்தம் தெரிவித்தார்கள். இன்னொன்றில் சுருக்கமாக அறிவித்ததோடு சரி. அங்கேதான் திருட்டு எகிறியது. ஒரு ஆலையில் மட்டும் கெட்ட குணத்துக்காரர்களா சேர்ந்துவிட்டார்கள்?

கம்பத்து அக்கா: நான் தினமும் ஜீப்பில் மலையேறி, தோட்டத்தில் காய் பறிக்கப் போகிறவள். கிலோவுக்குக் கூலி பேசின நாளில், சாயந்திரம் தராசில் நிறுக்கும்போது ஈரம் என்று சொல்லி சூப்பர்வைசர் கழித்துவிடுவார். எவ்வளவு கழித்தார் என்று நோட்டில் இருக்காது. அதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. அந்தப் பையன் தினமும் பக்கத்தில் நின்று பார்த்தது அதைத்தான்.

மேட்டுத்தோட்டம்: அது அநியாயம்தான் அக்கா, மறுக்கவில்லை. ஆனால் அதே கழிவைத் தாங்கிக்கொண்டு நீங்கள் ஒரு காயை மடியில் கட்டவில்லையே. அந்த நேர்மைக்கு மதிப்பு வேண்டாமா? அதனால்தான் குணம் என்கிறேன்.

கம்பத்து அக்கா: நாங்கள் இறங்கும்போது பையைச் சோதிக்கிறார்கள் தம்பி. குணம் பார்க்கவா சோதனை? இரண்டு தராசுக்கும் இரண்டு பேர் கையெழுத்து வையுங்கள், ஒன்று தொழிலாளியுடையது.

மேட்டுத்தோட்டம்: சாயந்திரத் தராசுக்குச் சரி. ஸ்டோரில் டிரையரிலிருந்து காயை இறக்கி நிறுப்பது விடிகாலையில், உங்கள் ஜீப் அப்போது மலையே ஏறியிருக்காது.

போடிக்காரன்: தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் தங்குகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் ஒருத்தர் வரட்டும். அதற்கும் கூலி கொடுக்கணும்.